பாணும் பிணியும்

நோயுற்றவருக்கு முதலில் எதை உண்ணக் கொடுப்பது என்று கேட்டால், எந்த நாட்டு வீட்டிலும் ஆயத்தமான விடை ஒன்று உண்டு. நம்மவர் கஞ்சி என்பர். ஐரோப்பியத் தாய்மார் பாண் என்பர். மெல்லியதாக அரிந்து, இருபுறமும் நெருப்பில் வாட்டி, பாலிலோ சூப்பிலோ தோய்த்துக் கொடுக்கும் பாண் அவர்களிடையே நோயாளிக்குரிய உணவாக மட்டும் இருக்கவில்லை. ஆறுதலின் வடிவமாகவும் இருந்தது. அந்தப் பாணே ஒரு சாரார்க்கு நோயின் காரணமாக இருந்தது என்பதையும், அதனை மருத்துவ உலகம் அறிந்துகொள்ள எத்துணைக் காலம் சென்றது என்பதையும் இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நோயின் பெயர் சீலியாக். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. உரோமப் பேரரசின் காலத்திலே வாழ்ந்த கப்பதோக்கியா நாட்டு மருத்துவர் அரெத்தேயஸ், உண்ட உணவு செரியாமலே கழிந்து உடல் மெலியும் ஒரு பிணியை விவரித்து அதற்கு வயிற்றின் பெயரையே இட்டார். அதன் பின் நெடுங்காலம் இதைப்பற்றிப் பேசுவார் இலர். 1887 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சிறுவர் வைத்தியசாலையிலே சாமுவேல் ஜீ என்னும் மருத்துவர் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் அது அச்சேறியது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடத்து இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதை அவர் தெளிவாக எழுதினார். கை கால்கள் குச்சியாக, வயிறு மாத்திரம் பானையாக உப்பி, முகம் வெளிறி, வளர்ச்சி நின்று கிடக்கும் குழந்தையை அவர் விவரிக்கும் பகுதியை வாசிப்போர் அக்குழந்தையை நேரிற் கண்டவர் போலாவர்.

இந்நோய்க்குத் தீர்வு உண்டாயின் அது உணவு முறையினாலேயே உண்டாகும் என்று ஜீ துணிந்துரைத்தார். முற்றிலும் உண்மையான கூற்று. ஆயின் எந்த உணவு? அங்கேதான் வரலாறு நம்மைப் பார்த்து நகைக்கின்றது. அரிசியும் சவ்வரிசியும் ஆகா என்று அவர் விலக்கினார். மோல்ற் சேர்ந்த உணவையும், நன்றாக வாட்டிய மெல்லிய பாண் துண்டையும் ஏற்றவை என்றார். தீங்கற்றதை விலக்கித் தீங்கானதைக் கொடுத்தார். அவரைப் பழித்தல் நீதியன்று. வாட்டிய பாணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்த ஐரோப்பியரின் மனந்தான் அன்று இடங்கொடுத்திருக்கும்? அதே விரிவுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. நாள்தோறும் நிறைய ஒல்லாந்து மட்டிச் சதையை உண்ட ஒரு குழந்தை வியக்கத்தக்கவாறு தேறியதாம். மட்டி கிடைக்கும் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றதாம். அடுத்த பருவத்திலோ அக்குழந்தை மட்டியைத் தொடவும் மறுத்துவிட்டது. மட்டியைக் கண்டோர் அதனால் இடம்பெயர்ந்த பாணைக் காணவில்லை.

இதே தவறு பேரளவில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. நியூயோர்க் நகரத்துச் சிறுவர் மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924 ஆம் ஆண்டில் வாழைப்பழத்தின் பெருமையைக் கூறும் கட்டுரையொன்றை வெளியிட்டார். புவேர்த்தோ ரிக்கோ தீவிலே பாண் மிகுதியாக உண்ணும் பட்டினவாசிகளுக்கு ஒருவகைக் கழிச்சல் நோய் வருவதையும், வாழைப்பழத்தை நம்பி வாழும் குடியானவர்க்கு அது வாராமையையும் அவர் கருத்திற் கொண்டார். பத்துக் குழந்தைகளின் வரலாற்றை அவர் எழுதினார். வாழைப்பழ உணவு பெற்ற எண்மர் தேறினர், அது பெறாத இருவர் இறந்தனர். ஹாஸ் வகுத்த உணவில் பாண், பிஸ்கற், தானியங்கள், உருளைக்கிழங்கு யாவும் விலக்கப்பட்டன; பாலாடைக்கட்டி, இறைச்சி, நிறைய வாழைப்பழம் ஆகியன இடம்பெற்றன. பல நூறு குழந்தைகள் இம்முறையால் உயிர் தப்பினர் என்பதில் ஐயமில்லை. இதை எவரும் குறைத்துப் பேசலாகாது. 1939 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்விலே, இந்நோயுற்ற 73 குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் இறந்தமை காட்டப்பட்டது. அத்தகைய காலத்தில் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவர் ஹாஸ்.

ஆனால் வாழைப்பழம் மருந்தன்று. வாழைப்பழம் அமர்ந்த இடத்திலே கோதுமை இல்லாமற் போனதே மருந்து. ஹாஸ் இதனை உணர்ந்தாரல்லர். குழந்தை தேறியதும் நோய் தீர்ந்தது எனக் கருதி வழக்கமான உணவுக்கு மீள்வதற்கு இடங்கொடுத்தார். பாண் வந்தது, பாணுடன் பிணியும் ஓசையின்றி வந்தது. மெய்க்காரணம் ஒல்லாந்திலே நிறுவப்பட்ட பின்னரும் அவர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. வெற்றி பெற்ற சிகிச்சையைப் போல் உண்மையை மறைக்கும் திரை வேறில்லை போலும்.

ஒல்லாந்தர் என்றதும் நமக்குக் கோட்டைகளும் தேசவழமைச் சட்டத்தின் தொகுப்பும் நினைவுக்கு வரும். அந்நாட்டின் ஹேக் நகரிலே யூலியானா சிறுவர் வைத்தியசாலை என ஒன்றிருந்தது. 1936 ஆம் ஆண்டில் அதன் தலைமை மருத்துவராக வில்லெம் காரெல் டிக்கே நியமிக்கப்பட்டார். அவர் 1905 இற் பிறந்தவர். அப்பொழுது வயது முப்பத்தொன்று. இவரைப் பற்றி உலகெங்கும் வழங்கும் கதையொன்று உண்டு. முதலில் அக்கதையைக் கூறுகின்றேன். அதன் பின் அதனைத் திருத்துகின்றேன்.

1944 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், நேசநாட்டுப் படைகளுக்குத் துணையாக ஒல்லாந்துப் புகையிரத ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர் சினங்கொண்டு, மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். தடை ஓரளவு தளர்ந்தபோது குளிர் முந்திக்கொண்டது. கால்வாய்கள் உறைந்து ஓடங்கள் நின்றன. அம்ஸ்ரடாம், ரொட்டடாம், ஹேக் முதலிய பெருநகரங்கள் பட்டினியில் ஆழ்ந்தன. ஒருவருக்குரிய பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே இறங்கி, பின்னர் அதிலும் பாதியாகத் தேய்ந்தது. மக்கள் சீனிக்கிழங்கை அவித்துண்டனர். தோட்டத்திலே மலருக்கென நட்ட துலிப் கிழங்கையும் அகழ்ந்துண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என்பர். வரலாற்றாசிரியர் இதனைப் பட்டினி மாரி என அழைக்கின்றனர்.

ஊரெல்லாம் நலிந்த அம்மாரியிலே சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மாத்திரம் தேறினர் என்பது கதை. பாண் இல்லாமையே அதற்குக் காரணம். பின்பு விமானங்கள் வானிலிருந்து பாணைப் பொழிந்தனவாம். உண்ட குழந்தைகள் மீண்டும் நோயுற்றனராம். டிக்கே அதைக் கண்டு உண்மையை உணர்ந்தாராம்.

கதை அழகானது. மாணவர்க்குச் சொன்னால் மறக்கமாட்டார்கள். ஆயினும் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போர்க்கு அது அவ்வாறே பொருந்தாது. டிக்கே 1930 களின் நடுப்பகுதியிலேயே கோதுமையற்ற உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 1941 ஆம் ஆண்டில், பட்டினி மாரிக்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, பாணை விலக்கிய எளிய உணவுமுறையொன்றை ஒல்லாந்து மருத்துவ ஏட்டிலே வெளியிட்டுமிருந்தார். சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மா 1945 இன் தொடக்கத்திற் கப்பலேறி வந்தது; அதிற் சுட்ட வெண்ணிறப் பாணின் சுவையைப் பிற்காலத்தும் முதியோர் நினைந்து கண்கலங்குவர். விமானங்கள் உணவுப்பொதிகளை இட்டது ஏப்பிரல் 29 ஆந் தேதி முதல். பட்டினி மாரி டிக்கேயின் ஐயத்தை வலுப்படுத்தியது. அதனைத் தோற்றுவிக்கவில்லை.

தோற்றுவித்தது எது? ஓர் இளந்தாயின் வாய்ச்சொல் என்பதே மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. பாணை நிறுத்தினால் தன் குழந்தையின் தோலில் உள்ள தடிப்பு விரைவில் மறைகின்றது என்று அவள் மருத்துவரிடம் கூறினாளாம். அவளுடைய பெயர் ஏட்டிலே இல்லை. போரும் பஞ்சமும் விமானமும் உள்ள கதை உலகைச் சுற்றி வந்தது. அடுக்களையில் நின்று தன் பிள்ளையின் கோப்பையைக் கவனித்த பெண்ணின் கதை அதன் நிழலில் ஒடுங்கிற்று. பட்டம் பெற்ற மருத்துவர் பலர் இதே போன்ற சொற்களை வேறு தாய்மாரிடமிருந்தும் கேட்டிருப்பர் என்றே எண்ணுகின்றேன். டிக்கேயின் பெருமை, கேட்டதைத் தள்ளிவிடாமல் குறித்துக்கொண்டமை.

குறித்துக்கொண்டது போதாது, நாட்டவேண்டும். நாட்டுவதும் எளிதாயில்லை. கோதுமை உண்ட அன்றே நோய் தெரிந்தால் எவரும் கண்டுபிடிப்பர். இந்நோயிலோ தீங்கு நாட்கள் சென்றும் வாரங்கள் சென்றும் வெளிப்படும். சில வேளை முதலில் பசி குன்றும், பின்னரே எடை குன்றும். ஆகையால் டிக்கே ஒரு சில குழந்தைகளை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்தார். கோதுமையை நிறுத்திய காலத்தில் எடையும் உயரமும் ஏறுவதையும், கொடுத்த காலத்தில் ஏற்றம் நின்று கோடு கீழே வளைவதையும் வரைந்து காட்டினார். அரிசி மா, சோளமாப்பொருள், உருளைக்கிழங்கு ஆகியன தீங்கு செய்யவில்லை என்றும் கண்டார். 1950 ஆம் ஆண்டில் இவை யாவும் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திலே அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேடாயின.

பின்னர் வான் டி காமர் என்னும் உயிரிரசாயனவியலாளரும் வெயர்ஸ் என்னும் மருத்துவரும் அவருடன் சேர்ந்தனர். உடலிற் சேராது கழியும் கொழுப்பின் அளவைத் துல்லியமாக அளக்கும் முறையை வான் டி காமர் வகுத்திருந்தார். அதனைக்கொண்டு கோதுமையின் பாகங்களை வேறுவேறாகச் சோதித்தனர். கோதுமை மாப்பொருளைக் கொடுத்தபோது கொழுப்பிழப்பு மிகவில்லை. அதன் புரதத்தைக் கொடுத்தபோது மிகுந்தது. குற்றம் பசையத்தின் மேல் நின்றது; மேனாட்டார் குளூட்டன் என்பது இதனையே. 1952 ஆம் ஆண்டில் பேர்மிங்காம் நகரிலே சார்லட் அண்டர்சனும் அவர்தம் குழுவினரும் தனியே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தனர்.

பசையத்தை நேயர்கள் தம் வீட்டிலேயே காணலாம். கோதுமை மாவைக் குழைத்து உருண்டையாக்கிச் சற்று வைத்து, பின் நீருக்குள்ளே பிசைந்து கழுவுக. வெண்மையான மாப்பொருள் நீரோடு போய்விடும்; இறுதியில் கையில் எஞ்சுவது இழுபடும் ஒரு பிசின். பொலோஞா நகரப் பேராசிரியர் பெக்காரி இவ்வாறு பிரித்தெடுத்ததை 1745 இல் வெளியிட்டார். வீச்சு ரொட்டி கிழியாமல் வீசப்படுவதும், பாண் பொங்கி மிருதுவாக நிற்பதும் இப்பிசினாலே. அரிசி மாவில் இது இல்லை. இடியப்பத்துக்கு மாக் குழைக்கும் நம் பெண்கள் கொதிநீர் வார்ப்பது ஏனென்று கேட்டால், அவ்வாறுதான் செய்வது என்பர். கொதிநீரிலே மாப்பொருள் வெந்து பசையாகி, பசையம் செய்யவேண்டிய வேலையை ஓரளவு செய்கின்றது என்பதே காரணம். எத்தனை தலைமுறை இதனைச் செய்து வந்தன! ஐரோப்பியத் தாயிடத்தோ இக்கைப்பழக்கம் இல்லை. பாணை விடுக என்று மருத்துவர் கூறியபோது, அரிசி மாவிற் பாண் சுட முயன்று, மணலாய் உதிரும் கட்டிகளைப் பிள்ளையின் முன் வைத்தவர் பலர். வகுப்பிலே மற்றப் பிள்ளைகள் கேக் உண்ணும்போது கைகட்டி இருந்த குழந்தையின் நிலையை எந்த ஆய்வேடும் அளக்கவில்லை.

பசையம் எவ்வாறு தீங்கு செய்கின்றது என்பது பின்னர் தெளிந்தது. 1954 இல் போலி என்னும் ஆங்கில மருத்துவர் நோயாளரின் சிறுகுடற் சுவரிலே அழற்சி இருப்பதைக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் வயிற்றைக் கீறாமலே குடலின் சிறு துணுக்கை எடுத்து நோக்கும் கருவிகள் வந்தன. நலமான சிறுகுடலின் உட்புறம் சடைமுளைகள் நிறைந்து, வெல்வெட்டுத் துணி போல இருக்கும். நோயாளரிடத்தோ அது அறுவடை செய்த வயல் போலத் தட்டையாகிக் கிடந்தது. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடன ஆற்றல் பசையத்தை வாயிலாகக் கொண்டு தன் குடலையே தாக்குகின்றது. 1997 ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஆய்வாளர், அத்தாக்குதலில் உடலின் சொந்த நொதியமொன்றே பகையாகக் கருதப்படுவதை நிறுவினர். அதனால் இது தன்னிர்ப்பீடன நோய்களின் வரிசையிற் சேர்ந்தது. அந்நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை இரத்தத்திற் கண்டு நோயை ஐயுறுதல் இன்று எளிதாகிவிட்டது. உலகிலே நூறு பேருக்கு ஒருவர் அளவில் இந்நோய் உண்டு எனக் கணக்கிடுகின்றனர். குழந்தைகட்கு மாத்திரமன்றி எவ்வயதினர்க்கும் வரும். தன்னிர்ப்பீடன நோய்கள் பலவுள்ளும், தாக்குதலைத் தூண்டும் பொருள் இன்னதென ஐயமறத் தெரிந்து, அதை விலக்கினால் உடல் தானே தேறும் என்று சொல்லக்கூடியது பெரும்பாலும் இந்நோய் ஒன்றே. ஆகவே, இதைக் காட்டி வேறு நோயுடையார்க்கும் கண்டவாறு பத்தியம் வகுப்போரிடத்து எச்சரிக்கை வேண்டும்.

டிக்கே 1954 இல் உத்ரெக்ட் நகரச் சிறுவர் வைத்தியசாலைக்குச் சென்று, பேராசிரியராகி, 1962 இல் மறைந்தார். அவர் வகுத்த சிகிச்சைக்கு இணையான மருந்து இன்றும் இல்லை. கோதுமை, பார்லி, றை என்னும் மூன்றையும் வாழ்நாள் முழுதும் விலக்கவேண்டும்.

நமது நாட்டுக்கு இதில் என்ன உண்டு எனச் சிலர் வினவலாம். பாண் என்னும் சொல்லே போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. சோறுண்ணும் நமக்கு இப்பிணி தூரத்து இடி எனத் தோன்றும். ஆனால் 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, கோதுமை மா பங்கீட்டுக் கடைவழியே நம் வீடுகளுக்குள் வலுவாகப் புகுந்தது. போர் முடிந்த பின்னரும் அது வெளியேறவில்லை. பாண் காலையுணவாயிற்று, அவித்த கோதுமை மாவிலே புட்டும் இடியப்பமும் செய்யப் பழகினோம், இன்று கடையிற் புட்டு வாங்குவோன் அது எந்த மா என்று கேட்பதுமில்லை. இதிலும் விந்தை, நோயாளிக்கென நாம் கொடுப்பவை: காய்ச்சல் என்றால் பாண், பலவீனம் என்றால் மோல்ற் பானம், நீர்க்கடுப்பு என்றால் பார்லித் தண்ணீர். மூன்றும் விலக்கப்பட்டவை. சாமுவேல் ஜீயின் பட்டியல் கடல் கடந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது போலும்.

வீட்டில் ஒருவர்க்கு இந்நோய் உறுதியாயின் சமையல் செய்வோர் அறியவேண்டியவை சில உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமையே. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலே கோதுமை மா சேர்வது வழக்கம். ஆகவே பருப்புக் கறியும் இரசமும் எண்ணாத வழியில் தீங்காகலாம். சோயாச் சாறும் அவ்வகையதே. அரிசி மாவையும் குரக்கன் மாவையும் கோதுமை அரைத்த ஆலையில் அரைப்பித்தால் பயனில்லை. வீட்டில் இடித்தோ தனியே அரைத்தோ வைத்தல் நன்று. கோதுமைப் புட்டவித்த நீற்றுப்பெட்டியிலும், கோதுமை மா சலித்த அரிதட்டிலும் மா தங்கியிருக்கும். அவற்றை வேறாக வைத்துக்கொள்க. இன்னொன்றும் முதன்மையானது. ஐயம் தோன்றியவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர் வைத்தியசாலைக்குச் செல்வோர் உளர். அப்பொழுது இரத்தத்திலும் குடலிலும் சான்று மறைந்துவிடக்கூடும். முதலிற் பரிசோதனை, பின்னரே விலக்கு.

விலக்கியபின் நம் அடுக்களை வறுமையுற்றதன்று. சிவப்பரிசி மாப் புட்டும் மாம்பழமும், பாலப்பம், உழுந்தங்களி, குரக்கன் கூழ், அரிசிக் கஞ்சியில் முருங்கையிலை, இவையெல்லாம் யாருக்கும் குறைபாடாகத் தோன்றாதவை. மழைநாளில் யாழ்ப்பாணத்து வீடுகளிற் காய்ச்சும் ஒடியற் கூழை எடுத்துக்கொள்வோம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய்: இவற்றுள் ஒன்றையும் நீக்கவேண்டியதில்லை. பத்தியக்காரனுக்கு வேறு பானை, மற்றவர்க்கு வேறு பானை என்று அங்கே அடுப்புப் பிரிவதும் இல்லை. ஒரே பானையைச் சுற்றி இருந்து, பலாவிலையைக் கோலிக்கொண்டு எல்லோரும் குடிக்கலாம்.